ஜூன் மாத ரசீது

லீட்ஸ், இங்கிலாந்து
4.1.1976

அன்புள்ள சிசிலிக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்மஸ் திருநாளன்று எனக்கு வார்டில் வேலை. மனநோய் ஆஸ்பத்திரியில் திருநாள் என்பது காகிதத் தொப்பி. நோயாளிகளுக்கும் தொப்பி, எங்களுக்கும் தொப்பி. யார் யார் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

நல்ல செய்தி. முதல் வருட நர்சிங் பரீட்சையில் தேறிவிட்டேன். இனி உன்னை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம். நீ மெட்ராஸ் விசா ஆபீசுக்கு ஒரு நாள் போய்வர வேண்டும். சம்பளச் சீட்டு, பாங்கிக் கடிதம், அறை கொடுக்கும் கிழவியின் கடிதம் மூன்றும் தயார்.

நான்காவது காகிதம்தான் சிக்கல். இந்த ஒரு வருடமாக உன்னை நான்தான் காப்பாற்றி வருகிறேன் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். உன் பெயருக்கு வந்த பணமோ, உனக்கென்று செலவான பணமோ. நம் தோட்டத்து லயத்து வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும் வரை மகன் சம்பாத்தியம் தாய் கைக்குத்தான். நான் அனுப்பிய டிராஃப்ட் அத்தனையும் அம்மா பெயரில். இதை ஒரு ஆபீசருக்கு எந்த இங்கிலீஷில் சொல்வது?

யோசித்ததில் ஒன்று கிடைத்தது. போன வருடம் உன் பிரசவத்துக்கென்று தனியாக அறுநூறு ரூபாய் அனுப்பினேன். கன்னியர் ஆஸ்பத்திரி ரசீதில் உன் பெயர் இருக்கும். ஜூன் பதினேழு என்று தேதியும் இருக்கும். அது போதும். குழந்தை செத்துப் பிறந்ததைப் பற்றி நாம் பேச வேண்டாம். ரசீதை மட்டும் எடுத்து வை.

அம்மாவுக்கு என் தோத்திரம் சொல்லு.

மிக்கேல்

—

சக்குபள்ளம்
29.1.1976

அன்புள்ள அத்தானுக்கு சிசிலி எழுதுவது.

அத்தையும் நானும் சுகம். அத்தைக்குப் பனியில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. வேப்பெண்ணெய் தேய்த்துவிடுகிறேன். நீங்கள் பரீட்சையில் தேறியதற்கு அத்தை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி கொளுத்தினார்கள்.

கல்யாண சர்ட்டிபிக்கேட் பங்குச் சாமியாரிடம் வாங்கிவிட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கச் சூசையப்பன் அண்ணன் கம்பத்துக்குக் கூட்டிப்போனான். படத்தில் நான் யாரையோ போல இருக்கிறேன்.

பறிப்பு முடிந்தது. இப்போது தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் தரம் பிரிக்கிறோம். என் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராசம்மாக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே, "ஏட்டி, சீமையில போயி தொரசாணிக்கு ஏலக்கா டீ போட்டுக் குடுப்பியா?" என்று கேட்டாள். "இவ எதுக்குப் போடுதா? நர்சு பொண்டாட்டில்ல. தொரசாணி போட்டுக் குடுப்பா" என்று இன்னொருத்தி. "குடிச்சிட்டு டம்ளர யாரு கழுவுவா, அதச் சொல்லுங்கட்டி முதல்ல." கங்காணி வந்து கத்தும் வரை சிரித்தார்கள்.

வேறு விசேஷம் இல்லை. குளிரில் மார்பைத் திறந்துபோட்டு நடக்க வேண்டாம்.

சிசிலி

—

லீட்ஸ்
20.2.1976

அன்புள்ள சிசிலிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. அம்மா முழங்காலுக்கு மாத்திரை அனுப்புகிறேன்.

நீ ரசீதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்திருப்பாய். விசா ஆபீசுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு அனுப்பிவிட்டேன். "என் மனைவியின் பிரசவச் செலவை நானே ஏற்றுக்கொண்டேன், ரசீது அவளிடம் உள்ளது." டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. மூன்று முறை படித்துப் பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு என்னைப் பற்றி நானே படித்ததில் அது ஒன்றுதான் நன்றாக இருந்தது.

ஸ்டோர் வேலைக்கு ஏன் போகிறாய்? சொந்தக் கூலியில் சாப்பிடுகிறவளை எந்தக் கணவன் காப்பாற்றுகிறான் என்று கேட்பார்கள். தோட்டத்துக் கூலிப் பதிவில், செக்ரோலில், உன் பெயரை வெட்டிக்கொள். உடனே.

என் வார்டில் ஒரு கிழவர். தினமும் காலையில் கோட்டு மாட்டி வாசலில் நிற்பார். மனைவி காரோடு வருவாளாம். பத்து மணிக்கு நான் கோட்டைக் கழற்றிவிட வேண்டும். அவள் செத்து ஒன்பது வருடம்.

மிக்கேல்

—

சக்குபள்ளம்
22.3.1976

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம். மாத்திரை வந்தது. அத்தை பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று.

நீங்கள் சொன்னபடி பெயரை வெட்டிவிட்டேன். ஆபீசில் கணக்கப்பிள்ளை பேனாவை மூடி வைத்துவிட்டு, "யோசிச்சியாம்மா? பேர வெட்டுனா வீட்ட விடணும், தெரியும்லா?" என்றார். அத்தை போன வருடமே ரிட்டையர் ஆனதால் வீடு என் பெயரில்தான் இருந்தது. ஜூலை கடைசி வரை தவணை.

அன்று சாயங்காலம் அத்தை விளக்கைக் கூட ஏற்றவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "முப்பத்தோரு வருசம் இந்த லயத்துல கெடந்தேன். ஒங்க மாமனாரு செத்த எட்டாம் நாளே என்ன வெளிய போன்னான் பழைய தொர. பேர எழுதிக் குடுத்து, அவரு கவாத்துக் கத்தியத் தூக்கிட்டுப் போயி, அந்த வீட்டக் காப்பாத்துனேன். நீ ஒரு கையெழுத்துல குடுத்துட்டு வந்துட்ட." அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை.

மெட்ராசுக்கு ஏப்ரல் இருபத்தேழாம் தேதி வரச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. அண்ணன் கூட வருகிறான்.

ரசீது தேடினேன். கிடைக்கவில்லை.

சிசிலி

—

லீட்ஸ்
5.4.1976

சிசிலிக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

ரசீது கிடைக்காவிட்டால் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கும். நகல் கேட்டால் கொடுப்பார்கள். கட்டப்பனைப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். இதற்கு ஏன் இத்தனை நாள்? நானே மதர் சுப்பீரியருக்கு எழுதிவிட்டேன்.

மெட்ராசில் கேட்டால் சொல்ல வேண்டியது: வேலை இல்லை. வீட்டில் இருக்கிறேன். கணவர் அனுப்பும் பணத்தில் சாப்பிடுகிறேன். இதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே.

நீலச் சேலை கட்டிக்கொள். உனக்கு அது எடுக்கும்.

மிக்கேல்

—

சக்குபள்ளம்
4.5.1976

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகமாகத் திரும்பிவிட்டோம். அண்ணனுக்கு மதுரையில் வயிற்றுப்போக்கு. இப்போது தேவலை.

நீலச் சேலைதான் கட்டியிருந்தேன். ஆபீசர் சின்ன வயது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு நம்மவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"என்ன வேலை செய்யறீங்க?"

"வேலை இல்லை. வீட்டில் இருக்கிறேன்."

"சாப்பாட்டுச் செலவுக்கு?"

"அவர் அனுப்புகிறார்."

"உங்களுக்கா?"

"அத்தைக்கு."

"அத்தை உங்க கையில எவ்வளவு கொடுப்பாங்க?"

"சாப்பாடு போடுவார்கள்."

ஆபீசர் மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பவர் என் முகத்தைப் பார்க்காமல், "கையைக் காட்டச் சொல்றாரும்மா" என்றார். காட்டினேன். திருப்பச் சொன்னார்கள். திருப்பினேன். ஏழு வருடக் களைக்கொத்துக் காய்ப்பு ஒரு மாதத்தில் போகுமா? நகக்கண்ணில் ஏலச்செடிக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்துத்தான் போயிருந்தேன். ஆபீசர் நிறைய நேரம் எழுதினார்.

பிறகு உங்கள் கடிதத்தை எடுத்தார்கள். "பிரசவச் செலவு உங்க வீட்டுக்காரர் கொடுத்ததா எழுதியிருக்கார். ஆஸ்பத்திரியிலதானே?"

நான் பேசாமல் இருந்தேன். மொழிபெயர்ப்பவர் அதை இங்கிலீஷில் என்னவாகச் சொன்னாரோ.

மனுவைத் தள்ளவில்லை. ஆகஸ்டு பத்தாம் தேதிக்குள் ரசீதோடு வர வேண்டும். அது வந்தால் மற்றதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள் என்று வெளியே வந்து அவரே சொன்னார்.

அத்தை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

சிசிலி

—

லீட்ஸ்
24.5.1976

சிசிலி,

மதர் சுப்பீரியரிடமிருந்து பதில் வந்தது. ஜூன் மாதப் பதிவேட்டில் உன் பெயர் இல்லை. மே, ஜூலை இரண்டையும் பார்த்துவிட்டாராம். அப்படி யாரும் வரவில்லையாம்.

எனக்காக ஜெபிப்பதாக எழுதியிருக்கிறார்.

என்ன நடந்தது என்று எழுது.

மிக்கேல்

—

சக்குபள்ளம்
13.6.1976

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதிக் கிழித்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உங்கள் அறுநூறு ரூபாய் ஜூன் இரண்டாம் தேதி வந்தது. அத்தை கம்பம் பாங்கியில் மாற்றினார்கள். அந்த வாரமே கம்பம்மெட்டில் மொக்கையன் என்பவரின் அரை ஏக்கருக்கு முன்பணம் கொடுத்தார்கள். வேறொருவன் கேட்டுக்கொண்டிருந்தானாம். நிலம் உங்கள் பெயரில்தான் எழுதியிருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம், வரும்போது காட்டுவோம் என்றார்கள். "மண்ணு இன்னைக்கு விட்டா நாளைக்கு இல்ல. புள்ள பெறதுக்கு ஆசுபத்திரி எதுக்குட்டி? நான் நாலையும் இந்தப் பலகையிலதான் பெத்தேன்."

நாலில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். அதை நான் சொல்லவில்லை.

செக்ரோலில் பெயர் நிற்க வேண்டுமென்றால் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பதினைந்தாம் தேதி நாற்றுக்கூடை சுமந்தபோது வலி வந்தது. இரண்டு நாள். ஜீப்பு கேட்டு அண்ணன் ஓடினான். மழையில் ரோடு சரிந்திருந்தது. பதினேழாம் தேதி தோட்டத்துக் காலைச் சங்கு ஊதும்போது பிறந்தாள்.

பெண். அழுதாள். நன்றாகவே அழுதாள்.

பத்து மணிக்கு மேல் நிறம் மாறியது. கோவில் உபதேசியார் அணக்கரைக்குப் போயிருந்தார். ஞானஸ்நானம் கொடுக்க அத்தை சொம்பை எடுத்தார்கள். தண்ணீர் எல்லாம் பாயில் கொட்டியது. ராசம்மாக்கா வாங்கிக்கொண்டாள். "நான் வேதக்காரி இல்ல, சாமி கும்புடுறவ, நான் ஊத்தலாமாட்டி?" என்று கேட்டாள். சாகிற பிள்ளைக்கு யாரும் ஊற்றலாம் என்று வேதபாடத்தில் படித்திருக்கிறேன். நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவள் சொல்லிச் சொல்லி ஊற்றினாள். மத்தியானச் சங்குக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாமியார் வந்து, அது செல்லும் என்று கோவில் பதிவேட்டில் எழுதினார்.

எனக்குக் காய்ச்சல் அடித்துக் கிடந்தபோது அத்தை கணக்கப்பிள்ளையை வைத்து உங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். செத்துப் பிறந்தது என்று. ஞானஸ்நானம் ஆன பிள்ளை என்றால் டிராஃப்ட் என் பெயருக்கு மாற வேண்டும், அதனால்தானோ என்று ஒரு நாள் தோன்றியது. அப்படி நினைத்ததற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். உங்கள் பதில் வந்தது. பிறந்து அழுதிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படி எழுதுவது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அப்புசாமி என்ற கம்பவுண்டர், அண்ணனுக்குத் தெரிந்தவர். ஐம்பது ரூபாய்க்கு ரசீது தருகிறார், பழைய தேதியில். அவர்கள் ரசீதின் அடியில் தாயும் சேயும் நலம் என்று அச்சாகவே இருக்கிறது. "அத அடிச்சா கேள்வி வரும், அடிக்கலன்னா ஒண்ணும் வராது" என்றார்.

என்னிடம் கோவில் பதிவேட்டின் நகல் இருக்கிறது. தேதி, இடம், தண்ணீர் ஊற்றியவள் பெயர், அடக்கம். தாயின் வேலை தோட்டக் கூலி என்று போட்டிருக்கிறது.

எதைக் காட்டட்டும்? நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சிசிலி

—

லீட்ஸ்
19.7.1976

அன்புள்ள சிசிலிக்கு,

சுகம். உன் கடிதம் ஜூன் கடைசியில் கிடைத்தது. உடனே எழுத முடியவில்லை. ராத்திரி டியூட்டி போட்டுவிட்டார்கள்.

கம்பவுண்டரிடம் ரசீதை வாங்கு. சேய் எங்கே என்று கேட்டால், மூன்றாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டது என்று சொல். அடிக்கடி நடப்பதுதான், நம்புவார்கள். கோவில் காகிதத்தை யாரிடமும் காட்டாதே. கிழித்துவிட்டால் நல்லது. கையோடு இருந்தால் வாய் தவறும்.

அம்மாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். வயதானவள். எனக்காகத்தான் செய்திருக்கிறாள். அரை ஏக்கர் நல்ல இடமா? தண்ணீர் உண்டா?

இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயல வேண்டாம். வேறு காகிதம் இல்லை.

நீ வந்த பிறகு எல்லாம் பேசலாம். முதலில் வந்து சேர்.

மிக்கேல்

—

கம்பம்மெட்டு
2.9.1976

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தையும் நானும் சுகம். விலாசம் மாறிவிட்டது. ஜூலை கடைசியில் லயத்து வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டோம். உங்கள் அரை ஏக்கரில் அண்ணன் நாலு காட்டுக்கம்பு நட்டு தகரம் போட்டுக் கொடுத்தான். தண்ணீர் கேட்டிருந்தீர்கள். உண்டு. கீழே ஓடையிலிருந்து சுமக்க வேண்டும். நல்ல மண் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆகஸ்டு ஒன்பதாம் தேதி மெட்ராஸ் போனேன். ஐம்பது ரூபாய் கொடுத்து ரசீது வாங்கியிருந்தேன். கோவில் காகிதத்தைக் கிழிக்கவில்லை.

அதே ஆபீசர். ரசீதை வாங்கிப் படித்தார். இரண்டு முறை தலையை ஆட்டினார். மொழிபெயர்ப்பவருக்கும் முகம் தெளிந்தது. "இத முன்னாடியே கொண்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். ஆபீசர் பேனாவை எடுத்துவிட்டார். எழுதப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார்.

"கொழந்தையக் கூட்டிட்டு வரலையான்னு கேக்கறார். இப்ப நடக்குமாம். அவருக்கும் அந்த வயசுல ஒண்ணு இருக்காம்."

அது விசாரணைக் கேள்வி இல்லை அத்தான். சும்மா கேட்டார்.

நீங்கள் சொல்லிக் கொடுத்ததை மதுரையிலிருந்து ரயிலில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாம் மாதம், காய்ச்சல். வாயைத் திறந்தேன். மூன்று மாதம் என்றால் முகம் பார்த்திருப்பாள். சிரித்திருப்பாள். தலை நின்றிருக்கும். நான் பால் கொடுத்திருப்பேன். அத்தனையையும் அவளுக்குக் கொடுத்து, அந்த மேஜையில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கோவில் காகிதத்தை எடுத்து வைத்தேன்.

மொழிபெயர்ப்பவர் படித்தார். "இதக் கொடுக்கணுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் ஆபீசரிடம் சொன்னார். ஆபீசர் இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துக்கொண்டார். பேனாவை மூடினார். கடைசியாக ஒரே கேள்வி. அந்த நேரத்தில் உன் செலவுக்கு யார் கொடுத்தார்கள்? யாரும் இல்லை என்றேன்.

மறுத்துவிட்டார்கள். பொய் ரசீது கொடுத்ததாக எழுதியிருக்கிறது. திரும்ப மனுப் போட்டாலும் அது பின்னாலேயே வருமாம். அந்த மறுப்புக் காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் வேலைக்கு இதனால் இடைஞ்சல் வந்தால் நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது திண்டுக்கல்லில் அண்ணன் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றான். அப்புறம், "பேச வேண்டிய வருசம் பூரா ஊமையா இருந்த. பேசக் கூடாத ஒரு நிமிசத்துல வாயத் தொறந்த. நல்ல பொம்பளட்டி நீ" என்றான். பிறகு டீ வாங்கிக் கொடுத்தான்.

அத்தையிடம் காகிதம் பத்தவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அன்று ராசம்மாக்கா இங்கே வந்திருந்தாள். அவளுக்கும் அத்தைதான் கஞ்சி ஊற்றினார்கள். மூன்று பேரும் குடித்தோம். நான் செய்தது அத்தைக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்க வேண்டாம் என்றதால் அல்ல.

அடித்த இரண்டு வரியையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அழுத்தி அடித்திருக்கிறீர்கள். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

பழைய தோட்டத்தில் திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் தினக்கூலி கிடைக்கிறது. எனக்கு அது போதும். டிராஃப்டை வழக்கம்போல் அத்தை பெயருக்கே அனுப்பவும். அவர்களுக்கு மாத்திரைச் செலவு இருக்கிறது. அதில் எனக்கென்று எதுவும் சேர்க்க வேண்டாம்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சிசிலி